காரீயமும் குழந்தைகளின் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டங்களில் காரீயத்தைப் பற்றிப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு நூறு வருஷக் கதை வேண்டியிருக்கிறது.

ஈயம் விஷம் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது, ரசச் சொம்பு செய்வது எல்லாம் இதில்தான். இன்னொன்று காரீயம். கார் பேட்டரிக்குள் இருப்பது, விஷமாக வேலை செய்வது இது. இந்தப் பக்கம் முழுக்கக் காரீயத்தைப் பற்றியது.

என் பாட்டியின் சொம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி உருகிவிடும் என்று, முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்று பள்ளியில் படித்த பிறகுதான் அந்த எச்சரிக்கையின் காரணம் எனக்குப் புரிந்தது.

சுத்தமான வெள்ளீயச் சொம்பால் பயமில்லை. காரீயம் விலை குறைவு, எடை அதிகம். எடை போட்டு விற்கும் பொருளில் அதைக் கலந்தால் லாபம். கலந்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்தால் காரீயம் ரசத்துக்குள் இறங்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கே வாங்கியது, என்ன கலந்தது என்று தெரியாத சொம்பாக இருந்தால், சோதனை செய்து பார்க்கும்வரை குழந்தை சாப்பிடும் ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

உடம்புக்குள் போன காரீயம் எங்கே தங்குகிறது?

இரத்தத்தில் சுமார் ஒரு மாதம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு பகுதி சிறுநீரில் போகும். மீதி எலும்பிலும் பல்லிலும் போய் உட்கார்ந்துவிடும், அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். உடம்புக்கு அதைக் கால்சியத்திலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் காரணம். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போகும்போது, அந்தத் தாய் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கூடவே போகும்.

விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சின்னக் குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக ஏறும். இரத்தசோகை உள்ள குழந்தைகள் இவ்வளவு பேர் இருக்கும் நம் நாட்டில் இந்த ஒரு விவரம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மூளைக்குள் என்ன செய்கிறது?

மூளையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஒரு செல்லின் முனைக்குக் கால்சியம் வந்தால்தான் அது அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கொட்டும். கால்சியத்தின் வேஷத்தில் வரும் காரீயம் தேவையில்லாத நேரத்தில் செய்தியைக் கசியவிடும், தேவையான நேரத்தில் தடுக்கும். கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அவசியமான என்எம்டிஏ என்ற ஏற்பியையும், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் வாசலையும், அடைத்துவிடும்.

இது ஏன் இரண்டு, மூன்று வயதில் இவ்வளவு கெடுதல் செய்கிறது? அந்த வயதில் மூளை இணைப்புகளை ஏராளமாகப் போட்டு, அதிகம் பயன்படாதவற்றைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறது. செய்தி தப்பும் தவறுமாகப் போனால், எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்ற கணக்கும் தப்பாகிவிடும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், பிறந்ததிலிருந்து இரத்தம் எடுத்துக் கணக்கு வைத்திருந்த குழந்தைகள் வளர்ந்து 19 முதல் 24 வயதானதும், அவர்களில் 157 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். சிறுவயதில் காரீயம் அதிகமிருந்தவர்களுக்கு மூளையின் சில இடங்களில் சாம்பல்நிறப் பகுதி குறைவாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் அது நன்றாகத் தெரிந்தது. பொறுத்திருப்பது, யோசித்துச் செய்வது, கோபத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. 2008இல் இந்த ஆய்வு வெளியானது.

குழந்தை நன்றாகத்தானே இருக்கிறான்? ஓடுகிறான், விளையாடுகிறான். பிறகு என்ன?

1970களின் தொடக்கம்வரை மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். வலிப்பு வந்து, மயங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்குத்தான் காரீய விஷம். பிழைத்து வீட்டுக்குப் போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற குழந்தை மருத்துவர் அதை நம்பவில்லை. இரத்தத்தைச் சோதித்தால் போன மாதத்துக் கதைதான் தெரியும். வருஷக் கணக்கில் சேர்ந்ததை எலும்பு சொல்லும், ஆனால் குழந்தையின் எலும்பை வெட்டி எடுக்க முடியாது. விழுந்த பால் பல்லைக் கேட்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. நம் ஊரில் குழந்தைகள் பால் பல்லைக் கூரைமேல் வீசுவார்கள். பாஸ்டனுக்குப் பக்கத்தில் செல்சீ, சோமர்வில் என்ற இரண்டு ஊர்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தங்கள் பல்லை அவருக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பற்களில் காரீயம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளையும் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் நோய் என்று பெயர் வைத்ததில்லை. ஆனால் காரீயம் அதிகமிருந்தவர்கள் புத்திக்கூர்மைச் சோதனையில் பின்தங்கினார்கள், கவனத்தை நிறுத்திவைக்கச் சிரமப்பட்டார்கள். 2,146 பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருந்தார். எந்தப் பல்லில் எவ்வளவு காரீயம் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது. இருந்தும், பல்லில் காரீயம் படிப்படியாக ஏற ஏற, ‘கவனம் சிதறுகிறான்’, ‘சொன்னதைச் செய்து முடிப்பதில்லை’ என்ற பதில்களும் படிப்படியாக ஏறின. 1979இல் இது வெளியானது. அதே பிள்ளைகளைப் பதினொரு வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, பல்லில் காரீயம் அதிகமிருந்தவர்கள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு ஏழு மடங்கு இருந்தது.

அவர்மேல் ஆய்வு முறைகேடு என்று புகார் கொடுத்தார்கள். விசாரணைகளில் முறைகேடு எதுவும் இல்லை என்று முடிவானது. அதற்கு அவருக்குச் சில வருஷங்கள் போயின.

ஒரு குழந்தையைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஐந்து மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு இன்னும் ஐந்து கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்? நூற்றுக்கணக்கான குழந்தைகளை வரிசையாக வைத்தால்தான் கண்ணில் படும். இந்தக் கேடு இவ்வளவு காலம் மறைந்திருந்ததும் அதனால்தான்.

குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை எதை வைத்து அளக்கிறார்கள்?

பெரும்பாலும் விளையாட்டுப் போலத்தான் இருக்கும். வண்ணக் கட்டைகளைக் கொடுத்து, படத்தில் இருப்பதுபோல் அடுக்கச் சொல்வார்கள். ஓட்டை போட்ட பலகையில் சின்னக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சொருகச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். காகிதத்தில் இருக்கும் வடிவத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு விரலுக்குச் சொல்லும் அந்தச் சின்ன வேலைக்குள் கவனம், திட்டமிடல், திருத்திக்கொள்ளுதல் எல்லாமே இருக்கின்றன.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் ஊரில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், சென்னையிலேயே. ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, 3 முதல் 7 வயது வரையான 756 சென்னைக் குழந்தைகளின் நடத்தையைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டு, குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்தார்கள். காரீயத்தின் சராசரி அளவு ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லிலிட்டர், இரத்தத்துக்கு 11.4 மைக்ரோகிராம். இரத்தத்தில் காரீயம் அதிகமிருந்த குழந்தைகளுக்குப் பதற்றமும் கவனக் குறைவும் அதிகம் என்று 2009இல் எழுதினார்கள். அதே நகரத்துப் பிள்ளைகளிடம் வரைதல், குச்சி சொருகுதல் போன்ற சோதனைகளையும் நடத்தி, அவற்றிலும் காரீயத்தின் தடத்தைக் கண்டார்கள்.

அதற்கு முன்பே, 1990களின் பின்பாதியில், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் பங்கெடுத்த ஆய்வு ஒன்று, சென்னை உட்பட நம் பெருநகரங்களில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் அளவு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்ததாகக் காட்டியது. அப்போது பெட்ரோலில் காரீயம் இருந்தது.

எவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை?

பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அப்படியேதான் சொல்கிறது.

1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 60 மைக்ரோகிராம்வரை கவலை வேண்டாம் என்றார்கள். பிறகு 40, 30, 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 3.5 ஆக்கியது. இடையில் குழந்தைகளின் மூளை ஒன்றும் மாறவில்லை, ஆய்வுகள்தான் நுணுக்கமாயின.

2005இல் வெவ்வேறு நாடுகளின் ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்தார் புரூஸ் லான்ஃபியர் என்ற ஆய்வாளர். இரத்தத்தில் காரீயம் 2.4இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போது ஐக்யூ என்ற புத்திக்கூர்மை அளவில் கிட்டத்தட்ட 4 புள்ளி போகிறது. 10இலிருந்து 20க்கு ஏறும்போது போவது சுமார் 2 புள்ளிதான். குறைந்த அளவிலேயே முதல் சேதம் அதிகமாக நடந்துவிடுகிறது.

5 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் இரத்தம் இருக்கும். அத்தனை இரத்தத்திலும் இருக்கும் காரீயத்தைத் திரட்டினால், தூள் உப்பின் ஒரே ஒரு துகள் எடைதான் வரும்.

காரீயம் அதிகமிருப்பது ஏழைக் குழந்தைகளுக்குத்தானே? படிப்பில் பின்தங்குவதற்கு வறுமையே காரணமாக இருக்கலாமே?

மிக நல்ல கேள்வி. காரீயத் தொழிலின் பக்கம் பேசியவர்களும் பல வருஷம் இதைத்தான் கேட்டார்கள். பெற்றோரின் படிப்பு, வருமானம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் காரீயத்தின் பங்கு மிச்சமிருக்கிறது. விலங்குகளுக்குப் பணக்கார வீடு, ஏழை வீடு கிடையாது. காரீயம் கொடுத்து வளர்த்த குரங்குகளும் எலிகளும் அதேபோல் கற்பதில் தடுமாறின.

எனக்கு மிகவும் திருப்தி தந்த பதில் நியூசிலாந்தின் டனீடன் நகரத்திலிருந்து வந்தது. அங்கே 1972–73இல் பிறந்த குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அந்த ஊரில் காரீயம் முக்கியமாகப் பெட்ரோல் புகையிலிருந்து வந்ததால், வசதியான வீட்டுப் பிள்ளையும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் ஒன்றுபோல் அதைச் சுவாசித்தார்கள். 11 வயதில் இரத்தம் எடுத்த 565 பேரை 38 வயதில் சோதித்தபோது, சிறுவயதில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களின் ஐக்யூ மற்றவர்களைவிட 4 புள்ளிக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. பெற்றோரைவிடக் கீழான வேலைக்கு அவர்கள் இறங்கியிருந்ததும் தெரிந்தது. 2017இல் வெளியான ஆய்வு இது.

விஷம் என்று தெரிந்தும் பெட்ரோலில் ஏன் கலந்தார்கள்?

இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தத்தை நிறுத்த. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் அந்தத் தட்டல் நிற்பதைக் கண்டுபிடித்தார். ஆல்கஹால் கலந்தாலும் நிற்கும், ஆனால் அதற்குக் காப்புரிமை கிடையாது. 1924இல் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஐம்பது வருஷம் உலகம் முழுக்க அதைக் காற்றில் ஊதினோம்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மருத்துவரே கிடையாது. கிளேர் பேட்டர்சன் பூமியின் வயதைக் கணக்கிட விண்கல்லில் காரீயத்தை அளந்தவர். 1956இல் 455 கோடி ஆண்டு என்று சொன்னவர் அவர்தான். அளக்க உட்கார்ந்தால் எங்கு பார்த்தாலும் காரீயம், மேஜையில், தூசியில், தன் தலைமுடியில்கூட. தூசியே நுழையாத ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. இந்தக் காரீயம் இயற்கையானது இல்லை, மனிதர் கொட்டியது என்று 1965இல் எழுதினார்.

அமெரிக்கா 1970களில் குறைக்கத் தொடங்கி 1996இல் முழுதாக நிறுத்தியது. இந்தியா 2000இல் நிறுத்தியது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். அமெரிக்கச் சின்னக் குழந்தைகளின் இரத்தத்தில் 1970களின் முடிவில் சராசரி 15 மைக்ரோகிராம் இருந்தது, இன்று 1க்கும் கீழே. ஒரு சட்டம் இத்தனை குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

பெட்ரோலில்தான் இல்லையே. இப்போது எங்கிருந்து வருகிறது?

முதலில் பழைய பேட்டரி. கார், ஆட்டோ, இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பகுதி காரீயம்தான். முறையான ஆலையில் உருக்கினால் மறுபடி பயன்படும். பட்டறையின் பின்பக்கம் கோடாலியால் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் அந்தப் புகை தெருவெல்லாம் படியும். செனகல் நாட்டில் டக்கார் நகரத்துக்குப் பக்கத்தில், பழைய பேட்டரி மண்ணைச் சலித்து விற்ற ஒரு குடியிருப்பில் 2007–08இல் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

அடுத்தது பெயின்ட். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமலில்தான் அதிகம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1இலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல், கேட், தொட்டில் எல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

கண்ணுக்கு இடும் சுர்மா, செந்தூரம், உலோகம் சேர்த்த சில நாட்டு மருந்துகள், மெருகு சரியில்லாத மண்பாத்திரம், மலிவான அலுமினியப் பாத்திரம் என்று பட்டியல் நீளும். பாஸ்டன் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தபோது 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் கண்டார்கள். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கிறது.

மஞ்சள்தூளில் இருக்கிறது என்பது உண்மையா?

சில இடங்களில் உண்மை. வங்கதேசக் கிராமங்களில் பேட்டரிப் பட்டறையோ பெயின்டோ இல்லாத வீடுகளில்கூடக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் இருந்தது. எங்கிருந்து என்று தெரியாமல் ஆய்வாளர்கள் திகைத்தார்கள். காரீயத்துக்கு ஐசோடோப் என்ற கைரேகை உண்டு. பெண்களின் இரத்தத்தில் இருந்த கைரேகையும் மஞ்சளில் இருந்ததும் பொருந்தின. 1980களில் பெரிய வெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது, மெருகேற்றும் இடத்தில் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்க்கத் தொடங்கி, அதுவே பழக்கமாகிவிட்டிருக்கிறது. அது சாலைக் கோட்டு பெயின்டுக்குப் போடும் நிறமி.

2019இல் இது தெரிந்ததும் அரசு சும்மா இருக்கவில்லை. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் கருவி போன்ற கையடக்க எக்ஸ்ரே கருவியோடு அதிகாரிகள் டாக்காவின் மொத்த மார்க்கெட்டுக்குப் போய், அங்கேயே சோதித்து, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. 2019இல் மார்க்கெட் மஞ்சளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் பூஜ்யம். மஞ்சளுக்கு மெருகேற்றும் மில்களின் தொழிலாளர்களைச் சோதித்தபோது அவர்களின் இரத்தத்தில் காரீயம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வாளரும் அதிகாரியும் ஒன்றாக மார்க்கெட்டுக்குள் இறங்கினால் இரண்டே வருஷம் போதும் என்பதைப் படித்தபோது நான் உண்மையில் நெகிழ்ந்துபோனேன்.

நாம் என்ன செய்யலாம்? மெருகேற்றாத, தோல் மங்கலாக இருக்கும் விரலி மஞ்சளை வாங்கிக் கழுவி, காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று மின்னும் மஞ்சளை நம்பாதீர்கள்.

உடம்பிலிருந்து காரீயத்தை வெளியே எடுக்க மருந்து இல்லையா?

இருக்கிறது, ஆனால் போன அறிவை அது மீட்டுத் தருவதில்லை. அமெரிக்காவில் இரத்தத்தில் 20 முதல் 44 மைக்ரோகிராம்வரை இருந்த 780 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு சக்சிமர் என்ற மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் இரத்தத்தில் காரீயம் இறங்கியது. ஆனால் கற்கும் திறனிலும் நடத்தையிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2001இல் இந்த முடிவு வந்தது. 45க்கு மேல் போனால் உயிரைக் காக்க மருந்து அவசியம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘நச்சு நீக்கும்’ என்று விளம்பரத்தில் வரும் பொடிகளைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிப் பட்டறை இருந்தால், அப்பாவோ அண்ணனோ அந்த வேலை செய்தால், குழந்தை மண்ணையோ உதிர்ந்த பெயின்டையோ தின்றால் எடுத்துவிடுங்கள். பெரிய லேப்களில் கிடைக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த டெஸ்ட்டில் அதிகம் வந்தால், கையில் இருந்த தூசியாகவும் இருக்கலாம். நரம்பில் எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஏதாவது செய்யலாமா?

கேழ்வரகு, பால், கீரை, முட்டை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. இரும்பும் கால்சியமும் போதுமான அளவு இருந்தால் காரீயம் குறைவாக ஏறும். வெறும் வயிற்றில் அதிகம் ஏறும் என்பதால் குழந்தையைக் காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏறியதைச் சாப்பாடு இறக்கிவிடாது.

என் கணவர் பேட்டரிக் கடையில் வேலை செய்கிறார். வேலையை விடச் சொல்ல முடியாது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை ஒரு அம்மா கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்று கேட்டார். கைக்குழந்தை இடுப்பில் இருந்தது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கடையிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வாசலில் ஒரு மூடிபோட்ட வாளி வையுங்கள். அவர் குளித்த பிறகு குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தரையைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தை சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடையில் பேட்டரியை உடைக்கவோ உருக்கவோ செய்தால், 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற ஆலையில் நடக்க வேண்டிய வேலை என்பதை முதலாளியிடம் இருவருமாகப் போய்ச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒரு தடவை இரத்தம் பாருங்கள், கணவருக்கும் பாருங்கள்.

செருப்பை வெளியே விடச் சொன்னபோது மட்டும் அவர் சிரித்தார். அது எங்கள் வீட்டில் எப்போதும் வெளியேதானே சார் என்றார்.